தமிழ்ப் பெயரைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுங்கள்

கேரள எல்லையிலுள்ள கம்பமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு முழுக்க எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பைத்தான் புரோகிராமில் படித்து, வாராவாரம் சம்பளப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதிக் கங்காணிக்கு அனுப்ப வேண்டும். கட்டங்களைக் கமாவால் பிரிக்கிற சிஎஸ்வியாகக் கொடுத்தால் கமாவைப் பார்த்தே அவர் மிரள்கிறார். டேப் போட்டால் சில வரி மட்டும் தள்ளிப் போகிறது. இடைவெளி போட்டு நிரப்பினால் இங்கிலீஷ் பெயர் நேராக நிற்கிறது, தமிழ்ப் பெயர் வந்ததும் எல்லாம் கோணிக்கொள்கிறது. "இதற்கு நல்ல லைப்ரரி எது, அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

லைப்ரரி, அதாவது ஆயத்தமாகக் கிடைக்கும் புரோகிராம் தொகுப்பு, எது என்பது மேலாகத் தெரிகிற கேள்வி. உள்ளே இரண்டு கேள்வி இருக்கிறது. தமிழ் எழுத்தை வைத்துக்கொண்டு வெறும் இடைவெளியால் கட்டத்தை நேராக்க முடியுமா? அப்புறம், இந்த ஃபைலை யார், எதில் திறந்து படிக்கப் போகிறார்? முதலாவதற்கு என் பதில்: முழுசாக முடியாது, எந்த லைப்ரரி போட்டாலும் முடியாது. இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

நான் குமுளி, போடிப் பக்கம் ஏலக்காய்க் கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறவன். ஃபாக்ஸ்ப்ரோவில் ஆரம்பித்தவன். அப்போது டெக்ஸ்ட் ஃபைல் என்றாலே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போவது. வரிக்கு 80 எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம், எல்லாம் இங்கிலீஷ். பத்து எழுத்துக்கு ஓர் அங்குலம் என்று ஸ்கேல் வைத்து அளந்து ஃபார்ம் வரைவோம். அந்தப் பழக்கத்தோடு தமிழுக்கு வந்தபோது எனக்கும் இதே கோணல்தான் வந்தது. ரொம்ப நாள் என் புரோகிராமில்தான் தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

கோணல் எங்கே பிறக்கிறது என்று கிட்டத்தில் பார்க்கலாம். பைத்தானில் 'முருகன்' என்ற சொல்லை லென் கொண்டு அளந்து பாருங்கள், 7 என்று சொல்லும். நம் கணக்கில் மு, ரு, க, ன் என்று 4 எழுத்து. பைத்தான் எண்ணுவது யுனிகோட் குறியீட்டை. ம ஒன்று, உகரக் குறி ஒன்று, ர ஒன்று, உகரக் குறி ஒன்று, க ஒன்று, ன ஒன்று, புள்ளி ஒன்று, ஆக ஏழு. 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து, பைத்தானுக்கு 15. இப்போது பெயருக்கு 16 இடம் ஒதுக்கி, மீதியை இடைவெளியால் நிரப்பும் எல்ஜஸ்ட் போட்டால் முருகனுக்குப் பின்னால் 9 இடைவெளி விழும், கிருஷ்ணமூர்த்திக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. திரையில் எழுத்தாக எண்ணினால் முதல் வரி 13 இடத்தில் முடிகிறது, இரண்டாவது 9 இடத்தில் முடிகிறது. உங்கள் பட்டியலில் நீளமான பெயருள்ளவரின் சம்பளம் இடப்பக்கம் நகர்ந்து நிற்பது இதனால்தான். எஃப்-ஸ்ட்ரிங் என்ற இன்னொரு வழியில் அம்புக்குறி போட்டு அகலம் கொடுத்தாலும் உள்ளே நடப்பது இதே எண்ணிக்கைதான்.

சரி, எழுத்தாக எண்ணிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். ரீஜெக்ஸ் என்ற தனிப் பேக்கேஜில் உயிர்மெய்யை ஒரே அலகாக எண்ணும் வசதி இருக்கிறது. பைத்தானோடு வரும் பழைய ஆர்இ அல்ல, தனியாக நிறுவ வேண்டியது. அதைப் போட்டால் கோணல் குறையும். ஆனால் போகாது. காரணம், தமிழ் எழுத்து ஒரே அகலத்தில் வரையப்படுவதில்லை. 'ர' ஒல்லி, 'ணை' குண்டு, 'மூ' வாலை நீட்டிக்கொண்டு போகும். நோட்பேடில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் கன்சோலாஸ் ஃபான்ட் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதில் தமிழ் கிடையாது. விண்டோஸ் தமிழ் வந்த இடத்தில் மட்டும் நிர்மலா ஃபான்டை எடுத்து ஒட்டிவிடும், பழைய விண்டோஸாக இருந்தால் லதாவை. அந்த எழுத்தின் அகலம் இடைவெளியின் அகலத்துக்கு முழு மடங்காக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அரை இடைவெளி என்று ஒன்று உங்கள் கையில் இல்லாததால் நிரப்பிச் சரிசெய்யவும் முடியாது. பட்டியல் வேலைக்கான பாண்டாஸ் என்ற லைப்ரரியில் கிழக்காசிய எழுத்து அகலத்துக்கென்று ஓர் அமைப்பு உண்டு, அது சீன, ஜப்பானிய எழுத்துக்கானது. நம் எழுத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை.

டேப் ஏன் சில வரியை மட்டும் தள்ளியது என்பதும் இதோடு சேர்ந்தது. டேப் என்பது இவ்வளவு இடைவெளி என்று அர்த்தமல்ல, அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்று அர்த்தம். நிறுத்தம் பொதுவாக 8 இடத்துக்கு ஒன்று. பெயர் அந்த எட்டுக்குள் முடிந்தால் முதல் நிறுத்தம், ஒரு நூல் தாண்டினாலும் இரண்டாவது நிறுத்தம். நம் டவுன் பஸ் மாதிரி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த ஸ்டாப்பில்தான் விடுவான்.

ஆகவே என் வழி இது: எண் கட்டங்களை எல்லாம் முன்னால் வையுங்கள், தமிழ்ப் பெயரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எண்களும் கமாவும் புள்ளியும் ஒற்றை அகல ஃபான்டில் எப்போதும் நேராக நிற்கும். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லையென்றால் அது எவ்வளவு அகலமாக இருந்தாலும் யாரையும் இடிக்காது. பெயர்தானே முதலில் வர வேண்டும் என்று கங்காணி முதல் வாரம் முணுமுணுப்பார், இரண்டாவது வாரம் பழகிவிடும். எனக்குத் தெரிந்தவரை யாரும் திரும்பி மாற்றச் சொன்னதில்லை.

இதில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. தலைப்பும் தமிழ்தானே? 'முன்பணம்' என்று தலைப்பு போட்டால் அதுவும் அதே மாதிரி நகரும். இதற்கு அரசாங்கப் படிவத்தில் பழைய தீர்வு இருக்கிறது. கட்டத்துக்குத் தலைப்புக்குக் கீழே 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணையே தலைப்பாக வைத்து, விளக்கத்தை மேலே ஒரு தடவை எழுதிவிடுங்கள். கற்பனைத் தொகையோடு ஒரு மாதிரி:

2 = நாள், 3 = கூலி, 4 = முன்பணம், 5 = கைக்கு, 6 = பெயர்

 1   2        3        4        5  6
-----------------------------------------
 1   6    3,000      500    2,500  முருகன்
 2   5    2,500        -    2,500  கிருஷ்ணமூர்த்தி
 3   6    3,000    1,200    1,800  பாண்டியம்மாள்
-----------------------------------------
    17    8,500    1,700    6,800  மொத்தம், 3 பேர்

முன்பணம் இல்லாதவருக்குப் பூஜ்யம் போடாமல் கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். பூஜ்யங்கள் நிறைந்த பட்டியலில் 500 தொலைந்துபோகும், கோடுகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். தொகை எல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், பைசா உண்டென்றால் எல்லா வரியிலும் இரண்டு இலக்கம் இருக்க வேண்டும். கமா விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பைத்தானில் கமா கேட்டால் அது ஆயிரம் ஆயிரமாகப் பிரிக்கும். 1,23,456 என்று நாம் எழுதுவதை 123,456 என்று எழுதும். வாரச் சம்பளத்தில் ஆளுக்கு லட்சம் வராது என்றாலும் மொத்த வரியில் வரும். சிறிய ஃபங்ஷன் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூன்று இலக்கத்தை வெட்டி வையுங்கள், மீதியை வலமிருந்து இரண்டிரண்டாக வெட்டிக் கமா போட்டு ஒட்டுங்கள். கழித்தல் குறி இருந்தால் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் சேருங்கள். முன்பணம் கூலியைத் தாண்டுகிற வாரம் வந்தே தீரும்.

கடைசி வரியில் எத்தனை பேர் என்று போட்டிருப்பதற்குக் காரணம் என் சொந்தப் புண். ஒரு தோட்டத்துக்குப் பாண்டாஸில் பட்டியல் எடுத்து, டேட்டாஃபிரேம் என்கிற அதன் அட்டவணையை அப்படியே ஸ்ட்ரிங்காக மாற்றி ஃபைலில் எழுதியிருந்தேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பறிப்பு முற்றி ஆள் கூடிய வாரம், கங்காணி ஃபோன் பண்ணினார். "சார், நடுவுல இருக்கிறவங்களுக்கெல்லாம் இந்த வாரம் கூலி கிடையாதா?" திறந்து பார்த்தால் முதல் 5 பெயர், கடைசி 5 பெயர், நடுவில் மூன்று புள்ளி. பாண்டாஸ் 60 வரி வரைதான் முழுசாகக் காட்டும், தாண்டினால் தலையும் வாலும் மட்டும். திரைக்காக வைத்த ஏற்பாடு அது, தப்பு என்னுடையது. டு_ஸ்ட்ரிங் என்ற வழியில் கேட்டிருந்தால் எல்லா வரியும் வந்திருக்கும். 40, 50 பேர் இருந்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அதிலிருந்து எந்தப் பட்டியலை எழுதினாலும் அடியில் ஆள் எண்ணிக்கையை டேட்டாபேஸிலிருந்து தனியாக எண்ணிப் போடுகிறேன். எழுதிய வரிகளை எண்ணிப் போட்டால் அதுவும் சேர்ந்து பொய் சொல்லும்.

அதே போல, ஃபைலைத் திறக்கும்போது, வேலை முடிந்ததும் தானே மூடிவிடுகிற வித் போட்டுத் திறங்கள். எழுதுவது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாகத்தான் போகும். மூடாமல் விட்ட ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறிவிட்டால் கடைசிச் சில வரிகள் வீட்டிலேயே நின்றுவிடும்.

எழுத்தை ஃபைலில் எந்த முறையில் சேமிப்பது என்கிற என்கோடிங் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஓப்பன் போடும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று நீங்களே எழுதுங்கள். எழுதாவிட்டால் விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் பழைய எழுத்துப் பட்டியலை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் கிடையாது, 'சார்மேப்' என்று தொடங்கும் பிழையோடு விழுந்துவிடும். பைத்தான் 3.15-லிருந்து யுடிஎஃப்-8 தானாகவே வரும்படி தீர்மானித்திருக்கிறார்கள், ஆனால் தோட்ட ஆபீஸ் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. எக்செலிலும் திறப்பார்கள் என்றால் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் வைக்கும், அது இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் கொம்பு வைத்த இங்கிலீஷ் ஏ எழுத்துகளாகக் காட்டும். புரோகிராம் லினக்ஸில் ஓடி, படிப்பவரிடம் பழைய விண்டோஸ் 7 இருந்தால் நோட்பேடில் எல்லாம் ஒரே வரியாக ஓடும். 2018-க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 நோட்பேடில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். பெயர்களை யார் டைப் செய்கிறார்கள்? எல்லைத் தோட்டம் என்பதால் பாதிப் பெயர் தமிழில், பாதி மலையாளத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே கட்டத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. தமிழில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியீடு, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு வேறு வேறு ஆள். கொண்டம்மாள் என்ற ஒருவருக்கே பட்டியலில் இரண்டு வரி வந்து, நாள் இரண்டாகப் பிரிந்து நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். யுனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் இருக்கிறது, என்எஃப்சி என்று கொடுத்து, டேட்டாபேஸில் போடும் முன்பே ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். மலையாளத்தில் இது போதாது. உயிர் சேராத மெய்யைக் காட்டும் சில்லெழுத்துகளுக்கு 2008-ல் வந்த யுனிகோட் 5.1-ல்தான் தனிக் குறியீடு கொடுத்தார்கள். அதற்கு முன் மெய்யும், நம் புள்ளி போன்ற சந்திரக்கலையும், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். பழைய கீபோர்டில் அடித்த பெயரும் புதிய ஃபோனில் அடித்த பெயரும் ஒன்றாகத் தெரியும், ஒன்றாக இருக்காது. என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, நீங்களே மாற்றுப் பட்டியல் வைத்து மாற்ற வேண்டும். ஐந்தாறு எழுத்துதான், அரை மணி வேலை. இதையெல்லாம் விட நல்லது ஆளுக்கு ஒரு எண் கொடுத்து எண்ணை வைத்துக் கூட்டுவது. செக்ரோலில் எண் ஏற்கெனவே இருக்குமே.

இதுவரை சொன்னது அடித்துச் சொல்லக்கூடியது. ஃபோன் விஷயம் அப்படியல்ல, ஃபோனையும் அதிலுள்ள ஆப்பையும் பொறுத்து மாறும். டெக்ஸ்ட் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பல ஃபோன்கள் அதை ஒற்றை அகல ஃபான்டில் காட்டுவதில்லை, அப்போது நேரான எண் கட்டம்கூடக் கலைந்துவிடும். செய்தியாகவே ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று மூன்று பேக்டிக் குறி (`) போட்டால் வாட்ஸ்அப் ஒற்றை அகலத்தில் காட்டும், ஆனால் சின்னத் திரையில் வரி மடங்கும். முப்பது எழுத்துக்கு மேல் போனாலே நான் பயப்படுவேன். ஆப்பிள் ஃபோனில் எப்படி என்று சோதிக்க என்னிடம் ஒன்று இல்லை. தோட்டத்தில் ரேஞ்ச் கிடைக்காது, ஃபோனில் இறங்கியதை வைத்துத்தான் படிப்பார் என்றால், கட்டத்தையே விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் எண்ணும் பெயரும், அடுத்த வரியில் 'நாள் 6, கூலி 3,000, முன்பணம் 500, கைக்கு 2,500', பிறகு ஒரு வெற்று வரி. இதில் நேராக்க எதுவுமே இல்லை, ஆகவே கோண எதுவும் இல்லை. பார்க்க அழகில்லை என்பார்கள். சம்பளம் கொடுக்கும் இடத்தில் நின்று டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறவருக்கு இதுதான் சுகம்.

பெயர் முன்னால்தான் வர வேண்டும், கட்டமும் நேராக வேண்டும், தலைப்பும் தமிழில் வேண்டும் என்று முதலாளி அடம் பிடித்தால் வெப் பக்கம் எழுதுகிற எச்டிஎம்எல்லாக எழுதுங்கள். அதுவும் டெக்ஸ்ட் ஃபைல்தான், உள்ளே டேபிள் குறிச்சொற்கள் இருக்கும், அவ்வளவே. எழுத்து எவ்வளவு அகலம் என்பதை அளந்து வரைகிற வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும், உங்கள் தலையில் இல்லை. நெட் இல்லாமலும் திறக்கும். தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி மறக்காமல் போடுங்கள். பாண்டாஸில் டு_எச்டிஎம்எல் என்று ஒரே வரியில் வந்துவிடும், எண் கட்டங்களை வலப்பக்கம் ஒதுக்க மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பிரிண்ட் எடுப்பதும் இதில்தான் எளிது. டாட் மேட்ரிக்ஸுக்கு நேரடியாக டெக்ஸ்ட் அனுப்பினால் அதன் வயிற்றில் தமிழ் எழுத்து இல்லாததால் குப்பை அடிக்கும், பிரவுசர் வழியாகப் போனால் படமாக அடித்துவிடும், மெதுவாக இருந்தாலும்.

சிஎஸ்வியைக் கங்காணிக்கு அனுப்பாதீர்கள், ஆனால் எடுத்து வைப்பதை நிறுத்தாதீர்கள். அடுத்த வருஷம் யாராவது இந்தக் கணக்கை வேறு புரோகிராமில் ஏற்ற நினைத்தால் இடைவெளி போட்ட அழகான பட்டியல் உதவாது. விண்டோஸில் சிஎஸ்வி எழுதும்போது ஓப்பனில் நியூலைன் என்பதை வெறுமையாகக் கொடுக்காவிட்டால் வரிக்கு வரி ஒரு வெற்று வரி விழும். பேங்க் அக்கவுன்ட் எண் உள்ள சிஎஸ்வியை மட்டும் எக்செலில் நேராகத் திறந்து சேமிக்க விடாதீர்கள். முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். 16 இலக்க அக்கவுன்ட் எண்ணின் கடைசி இலக்கம் மாறினால் சம்பளத்தை பேங்க் திருப்பி அனுப்பும், அந்த எண்ணில் வேறொருவர் இருந்தால் அவருக்கே போய்விடும்.

உங்கள் இப்போதைய புரோகிராமில் மாற்ற வேண்டியது பத்து வரிகூட இருக்காது. முதலில் பெயரைக் கடைசிக்குத் தள்ளி ஒரு ஃபைல் எடுத்து, பறிப்பு வாரத்துப் பெரிய பட்டியலோடு ஓட்டிப் பாருங்கள். பிறகும் கோணினால் எந்த வரி கோணுகிறது, எந்த ஆப்பில் திறந்தீர்கள் என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பெயர்களை மாற்றிவிட்டு அனுப்புங்கள், தொழிலாளர் கூலி விவரத்தை நாலு பேர் பார்க்கிற இடத்தில் போட வேண்டாம்.